ஒரே செய்தி இருமுறை வந்தால்? ஃபைடோநெட் காட்டும் வழி

ஒரே வாழ்த்துச் செய்தி மூன்று புலனக் குழுக்களிலிருந்து வந்து சேர்வது நமக்குப் பழகிப்போன ஒன்று. அழித்துவிட்டால் போதும். ஆனால், ஒவ்வொரு செய்தியும் தொலைபேசிக் கட்டணம் செலுத்தி அனுப்பப்பட்ட காலத்தில் அது பெரிய தலைவலியாக இருந்தது.

1984இல் அமெரிக்காவில் டாம் ஜென்னிங்ஸ் தொடங்கிய ஃபைடோநெட், ஆர்வலர்கள் வீட்டுக் கணினிகளில் நடத்திய தகவல் பலகைகளை இணைத்தது. கட்டணம் குறைவான இரவு வேளையில் ஒரு கணினி மற்றொன்றை மோடம் வழி அழைத்துச் செய்திகளைக் கைமாற்றும். பின்னர் ஜெஃப் ரஷ் உருவாக்கிய எக்கோமெயில் வழி, ஒருவர் எழுதியதை எல்லாப் பலகைகளிலும் படிக்க முடிந்தது.

சிக்கலும் அங்கேதான் தொடங்கியது. மூன்று பலகைகள் வட்டமாக இணைந்துவிட்டால், அனுப்பிய செய்தி சுற்றி வந்து மீண்டும் புறப்படும். இதைத் தடுக்க, செய்தியைப் பெற்ற பலகைகளின் பட்டியல் அதன் அடியிலேயே சேர்க்கப்பட்டது. பின்னர், அனுப்பும் பலகையின் முகவரியோடு எட்டு இலக்க அடையாள எண்ணும் வந்தது. ஒரு பலகை அதே எண்ணை மூன்று ஆண்டுகளுக்குள் மீண்டும் பயன்படுத்தக்கூடாது என்பது விதி.

இந்தத் தடுப்பு சரியாக வேலை செய்கிறதா என்பதை, மற்றவர்களுக்குத் தொல்லை தராத தனிச் சோதனைப் பகுதியில் பார்ப்பதே நல்லது. முதலில், ஒரே செய்தியை இருமுறை செலுத்த வேண்டும். ஒன்றுதான் பதிவாக வேண்டும். அடுத்து, மென்பொருளை நிறுத்தி மீண்டும் இயக்கி, அதே செய்தியை அனுப்ப வேண்டும். பழைய எண்களை அது மறந்திருக்கக் கூடாது.

மூன்றாவது சோதனைதான் பலர் விட்டுவிடுவது. ஒரே ஆள், ஒரே தலைப்பில், ஒரே நிமிடத்தில் இரண்டு வெவ்வேறு செய்திகளை அனுப்பினால் இரண்டுமே நிற்க வேண்டும். நீண்ட கட்டுரையை இரு பகுதிகளாக அனுப்புவோருக்கு இது முக்கியம். பெயரையும் தலைப்பையும் நேரத்தையும் மட்டும் ஒப்பிடும் மென்பொருள், இரண்டாம் பகுதியை நகல் என்று விழுங்கிவிடும்.

நகல் வந்தால் கண்ணில் படும். யாராவது புகார் சொல்வார்கள். உண்மைச் செய்தி காணாமல் போனால், அனுப்பியவருக்கும் தெரியாது, பெறவேண்டியவருக்கும் தெரியாது. அதனால், சந்தேகத்துக்குரியவற்றை உடனே அழிக்காமல் தனிக் கோப்பில் ஒதுக்கிவைத்து, அவ்வப்போது திறந்து பார்ப்பதே பாதுகாப்பான வழி.