மருத்துவக் கஞ்சா: டாக்டர் சீட்டு கிடையாது, கார்டுதான்! அமெரிக்காவில் அனுமதி கிடைப்பது எப்படி?

அமெரிக்காவில் மருத்துவக் கஞ்சா சட்டப்படி கிடைக்கிறது என்று கேள்விப்பட்டவர்கள், 'டாக்டர் சீட்டு எழுதுவார், மெடிக்கல் ஷாப்ல வாங்கிக்கலாம்' என்றுதான் நினைக்கிறார்கள். அப்படி ஒரு சீட்டே அங்கே இல்லை. மருந்துகளுக்கு ஒப்புதல் தரும் மத்திய அமைப்பான எஃப்.டி.ஏ., கஞ்சாச் செடியை மருந்தாக ஏற்கவில்லை. ஒப்புதல் இல்லாத பொருளுக்கு டாக்டர் மருந்துச் சீட்டு எழுத முடியாது.

அப்புறம் எப்படி நடக்கிறது? 1996-ல் கலிஃபோர்னியா வாக்காளர்கள் மருத்துவக் கஞ்சாவை அனுமதித்தார்கள். உடனே மத்திய அரசு, கஞ்சாவைப் பரிந்துரைக்கும் டாக்டர்களின் பதிவை ரத்து செய்வோம் என்று மிரட்டியது. விவகாரம் கோர்ட்டுக்குப் போனது. 'இது உங்களுக்கு உதவலாம்' என்று நோயாளியிடம் சொல்வது டாக்டரின் பேச்சுரிமை என்று 2002-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆக, சொல்லலாம், சீட்டு எழுதக் கூடாது. மாநிலங்களின் கார்டு முறை இந்தச் சின்ன இடைவெளியில்தான் நிற்கிறது.

புளோரிடாவில் எப்படி?

ஒவ்வொரு மாநிலத்துக்கும் விதி வேறு. உதாரணத்துக்குப் புளோரிடா. 2016-ல் 71 சதவீத வாக்காளர்கள் மருத்துவக் கஞ்சாவுக்கு ஆதரவளித்தார்கள். பெரியவர்கள் யாரும் வாங்கலாம் என்ற 2024 முன்மொழிவுக்கு சுமார் 56 சதவீதம் கிடைத்தது. தேவை 60 என்பதால் தோற்றது. எனவே அங்கே சட்டப்படி வாங்க ஒரே வழி, நோயாளி கார்டு.

முதலில் டாக்டர். எல்லா டாக்டரும் அல்ல. 2 மணி நேரப் பயிற்சியும் தேர்வும் முடித்தவர்கள் மட்டும். முதல்முறை நேரில் பரிசோதிக்க வேண்டும். வீடியோ கால் ஆலோசனை, 2023-ல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, புதுப்பித்தலுக்கு மட்டும் உண்டு. நோய்ப் பட்டியல் சட்டத்திலேயே இருக்கிறது: புற்றுநோய், வலிப்பு, கிளாக்கோமா, எச்.ஐ.வி., பார்க்கின்சன், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ், பி.டி.எஸ்.டி. எனப்படும் அதிர்ச்சிக்குப் பிந்தைய மனப் பாதிப்பு என்று நீள்கிறது. வெறும் முதுகுவலி போதாது; பட்டியலில் உள்ள நோயால் வந்த நாள்பட்ட வலியாக இருக்க வேண்டும்.

ஆனால், பட்டியலின் நடுவே ஒரு பக்கவாட்டுக் கதவும் உண்டு: 'இவற்றுக்கு ஒப்பான நோய்கள்'. அந்த வழியில் அனுமதித்தால், தன் முடிவுக்கான காரணத்தையும் ஆவணங்களையும் 14 நாளில் மருத்துவ வாரியத்துக்கு டாக்டர் அனுப்ப வேண்டும். உண்மையில் யாருக்குக் கிடைக்கும், யாருக்குக் கிடைக்காது என்பது இங்கே டாக்டரின் கையில்தான் இருக்கிறது. நோயாளி 18 வயதுக்குக் கீழ் என்றால் இன்னொரு டாக்டரும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

டாக்டர் சம்மதித்ததும் நோயாளியின் பெயர், அளவு, எந்த வடிவம் என்பதை எல்லாம் மாநிலப் பதிவேட்டில் ஏற்றுவார். பிறகு நோயாளி, மாநிலத்தில் வசிப்பதற்கான ஆதாரத்தோடு சுகாதாரத் துறைக்கு 75 டாலர் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். டாக்டர் கட்டணம் தனி, கஞ்சாவின் விலை தனி. இன்சூரன்ஸ் எதையும் தராது என்று வைத்துக்கொள்வதே நல்லது.

கார்டு கைக்கு வந்தாலும் குழப்பம் முடிவதில்லை. கார்டுக்கு ஆயுள் ஓர் ஆண்டு. டாக்டரின் அனுமதிக்கு அதிகபட்சம் 210 நாள். 'கார்டு இன்னும் செல்லுமே!' என்று கடைக்குப் போனவர், டாக்டர் அனுமதி முடிந்துவிட்டதால் வெறுங்கையோடு திரும்ப வேண்டியிருக்கும். புகைக்கும் கஞ்சா என்றால் 35 நாளுக்கு 2.5 அவுன்ஸ், அதாவது சுமார் 70 கிராம் வரம்பு.

எச்1பி-யில் இருப்பவர்கள் கவனத்துக்கு

அங்கே வேலை பார்க்கும் நம்மவர்கள் தூக்கம் வரலை, வலி தாங்கலை என்று டாக்டரிடம் போகும்போது, 'மாநிலமே அனுமதிக்குது, கார்டும் இருக்கு, அப்புறம் என்ன?' என்று நினைப்பது இயல்பு. பிரச்சினை என்னவென்றால், விசா, கிரீன் கார்டு, குடியுரிமை எல்லாமே மத்திய அரசின் கையில். 1970-ல் வந்த மத்தியச் சட்டம் கஞ்சாவை ஹெராயினோடு ஒரே பட்டியலில் வைத்தது. கட்டுப்பாட்டை ஒரு படி தளர்த்தலாம் என்று 2024 மே மாதம் மத்திய நீதித் துறை முன்மொழிந்தது. பட்டியல் மாறினாலும், எஃப்.டி.ஏ. ஒப்புதல் தானாக வந்துவிடாது.

மாநிலச் சட்டப்படி வைத்திருந்தாலும், விற்றாலும், குடியுரிமைக்குத் தேவையான 'நன்னடத்தை' நிபந்தனை அடிபடலாம் என்று குடியேற்றத் துறை 2019 ஏப்ரலில் வெளிப்படையாகவே அறிவித்தது. உரிமம் பெற்ற கஞ்சா நிறுவனத்தில் வேலை பார்ப்பதும் இதில் சிக்கலாம். அந்தக் கம்பெனியிலிருந்து ஆஃபர் வந்திருக்கும் ஐ.டி. இளைஞர்கள் யோசிக்க வேண்டிய இடம் இது. அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர் விஷயத்தில் கோர்ட் தண்டனைகூடத் தேவையில்லை. அதிகாரியின் கேள்விக்கு 'ஆமா, பயன்படுத்தினேன்' என்று ஒப்புக்கொள்வதே சட்டச் சிக்கலாகலாம். பொய் சொன்னால் அது தனிக் குற்றம்.

மாநில எல்லை தாண்டி எடுத்துச் செல்வதும் மத்தியச் சட்டப்படி தவறு. ஊருக்கு வரும்போது சூட்கேஸில் மிச்சம் இருந்தால், சென்னை விமான நிலையத்தில் அந்தக் கார்டுக்கு மதிப்பே இல்லை; 1985-ம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம்தான் பேசும்.

குடியேற்ற வழக்கறிஞரிடம் பேசாமல் விண்ணப்பிக்க வேண்டாம் என்பதோடு, டாக்டரிடம் கேட்க இன்னொரு கேள்வியும் இருக்கிறது: எஃப்.டி.ஏ. ஒப்புதல் பெற்ற மாற்று ஏதாவது உண்டா? கீமோதெரபி வாந்திக்கு டிரோனாபினால் என்ற மாத்திரை 1985 முதல் இருக்கிறது. கஞ்சாவில் உள்ள டி.எச்.சி.யைச் செயற்கையாகத் தயாரித்தது அது. டிராவே, லெனாக்ஸ்-கஸ்டாட் போன்ற கடுமையான வலிப்பு நோய்களுக்கு, செடியிலிருந்தே எடுத்த எபிடியோலெக்ஸ் 2018-ல் ஒப்புதல் பெற்றது. இரண்டுக்கும் கார்டு வேண்டாம். வழக்கமான மருந்துச் சீட்டிலேயே மருந்துக்கடையில் வாங்கலாம்.