பதின்மூன்றாம் மாடியில் ஜெனரேட்டர், அடித்தளத்தில் பம்ப்

2012 அக்டோபர் 29 இரவு, சாண்டி புயல் நியூயார்க் நகருக்குள் கடல்நீரைக் கொண்டுவந்து கொட்டியது. ஈஸ்ட் ரிவர் கரையில் உள்ள பெல்வியூ மருத்துவமனையின் ஜெனரேட்டர்கள் 13-ஆம் மாடியில் இருந்தன. அந்த உயரத்துக்கு வெள்ளம் வராது. ஆனால் அவற்றுக்கு டீசல் ஏற்றும் பம்புகள் அடித்தளத்தில் இருந்தன, அவை மூழ்கிவிட்டன. ஊழியர்களும் தேசியக் காவல் படையினரும் படிக்கட்டில் வரிசையாக நின்று, கைமாற்றிக் கைமாற்றி டீசலை மேலே கொண்டுபோனார்கள். அப்படியும் கடைசியில் நோயாளிகளை வெளியேற்ற வேண்டியதாயிற்று.

அதற்கு முந்தைய ஆண்டு மார்ச்சில் ஜப்பானின் ஃபுகுஷிமா அணுமின் நிலையத்திலும் இதே கதைதான். 2, 4-ஆம் உலைகளுக்கான இரண்டு ஜெனரேட்டர்கள் சுனாமிக்குச் சேதமில்லாமல் தப்பின. ஆனால் அவற்றின் மின்சாரத்தை வாங்கிப் பிரித்தனுப்பும் சுவிட்ச்கியர் வெள்ளத்தில் மூழ்கியிருந்தது. எனவே அவற்றால் பயனில்லை. 6-ஆம் உலையின் ஒரே ஒரு ஜெனரேட்டர் தன் சுவிட்ச்கியரோடு பிழைத்தது. 5, 6 ஆகிய இரண்டு உலைகளையும் காப்பாற்றியது அதுதான்.

மருத்துவமனை, அணுமின் நிலையம், டேட்டா சென்டர் போன்ற இடங்களுக்கு மின்னமைப்பு வடிவமைப்பவர்கள் தொழிலின் தொடக்கத்தில் கேபிளின் தடிமன், லோடு, வோல்டேஜ் இறக்கம் என்று கணக்குப் போடுகிறார்கள். அவை புத்தகத்தில் இருப்பவை. ஒரு வார்டில் ஷார்ட் சர்க்யூட் ஆனால் அந்த வார்டின் பிரேக்கர் மட்டும் ட்ரிப் ஆக வேண்டும், மெயின் விழக் கூடாது என்று ஒழுங்குபடுத்துவது அடுத்த படி. அனுபவம் ஏற ஏற, அவர்கள் கவனம் வரைபடத்தில் கோடாகக்கூடத் தெரியாத விஷயங்களுக்குப் போகிறது: டீசல் டேங்க் எங்கே, பம்புக்கு மின்சாரம் எந்தப் பேனலிலிருந்து, அந்தப் பேனல் எந்தத் தளத்தில்? கட்டடக் கலைஞரோடும் குழாய்ப் பொறியாளரோடும் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டு முடிப்பதுதான் இந்தத் தொழிலின் உண்மையான திறமை.

அறுவை அரங்கில் இன்னொரு சிக்கல். வீட்டில் மின்கசிவு என்றால் ஆர்சிசிபி என்ற பாதுகாப்பு சுவிட்ச் இணைப்பைத் துண்டிக்கும். நமக்கு அது பாதுகாப்பு. மார்பைத் திறந்து சிகிச்சை நடக்கும்போது அதே துண்டிப்பு உயிரைக் குடிக்கும். ஆகவே அங்கே தனி ட்ரான்ஸ்ஃபார்மர் வைக்கிறார்கள். அதிலிருந்து வரும் இரண்டு கம்பிகளில் எதையும் எர்த்தோடு இணைப்பதில்லை. ஒரு கம்பி தவறி எர்த்தைத் தொட்டாலும் பெரிய மின்னோட்டம் பாய வழியில்லாததால் கருவிகள் ஓடிக்கொண்டே இருக்கும். காப்புத்தடை 50 கிலோ ஓம் அளவுக்கு இறங்குமுன் எச்சரிக்கை ஒலிக்க வேண்டும் என்பது சர்வதேச விதி. அறுவையை முடித்துவிட்டுப் பழுதைத் தேடலாம்.

மருத்துவமனை ஜெனரேட்டர்களுக்கான அமெரிக்க விதிப்படி, மின்சாரம் போன 10 விநாடிக்குள் உயிர்காக்கும் இணைப்புகள் ஜெனரேட்டருக்கு மாறியாக வேண்டும். மாதம் ஒருமுறை 30 நிமிடமாவது லோடு கொடுத்து ஓட்டியும் பார்க்க வேண்டும். வெறுமனே ஸ்டார்ட் செய்து நிறுத்தினால் அது சோதனையாகாது. பேட்டரி, ஸ்டார்ட்டர், மாற்று சுவிட்ச், குளிர்விப்பு என எல்லாம் சேர்ந்து வேலை செய்வது லோடு ஏறும்போதுதான் தெரியவரும்.