தோட்டனூத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்

தோட்டனூத்து இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்பது தமிழ்நாட்டின் திண்டுக்கல் மாவட்டத்தில் அமைந்துள்ள ஒரு குடியிருப்பு ஆகும். ஈழப்போர்க் காலத்தில் இலங்கையிலிருந்து வெளியேறிய தமிழர்களும் அவர்களின் வழியினரும் இங்கு வாழ்கின்றனர்.

பின்னணி

1983 ஆடிக் கலவரத்துக்குப் பின் இலங்கைத் தமிழர்கள் 2010 வரை நான்கு கட்டங்களாகத் தமிழ்நாட்டுக்கு வந்தனர். இராமேசுவரம் கரையில் இறங்கியோர் மண்டபம் முகாமில் பதிவு செய்யப்பட்டு, பல மாவட்டங்களுக்கு அனுப்பப்பட்டனர். "அகதிகள் முகாம்" என்ற பெயரை 2021 ஆகத்தில் தமிழ்நாடு அரசு "மறுவாழ்வு முகாம்" என மாற்றியது.

குடியிருப்பு

தோட்டனூத்து, அடியனூத்து, கோபால்பட்டி முகாம்களில் வாழ்ந்த குடும்பங்களுக்காகத் தோட்டனூத்தில் 321 வீடுகள் கட்டப்பட்டன. முதலமைச்சர் மு. க. ஸ்டாலின் 2022 செப்டம்பரில் இவற்றைத் திறந்து வைத்தார்.

சட்ட நிலை

வீடு கிடைத்தாலும் குடியுரிமை கிடைக்கவில்லை. 1951 ஏதிலியர் உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை சேர்க்கப்படவில்லை. 1987 சூலை 1-க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பால் குடிமகன் ஆவார். அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரின் குடியுரிமையும் கணக்கில் கொள்ளப்படுகிறது. இதனால் ஒரே குடும்பத்தில் பிறந்தவர்களின் சட்ட நிலை, பிறந்த ஆண்டைப் பொறுத்து வேறுபடக்கூடும்.

ஆய்வு முக்கியத்துவம்

இம்மாவட்டத்தில் புலப்பெயர்வை ஆராய்வோர் இரு பிரிவினரை வேறுபடுத்திக் காண வேண்டும். 1964 சிறிமா-சாத்திரி ஒப்பந்தப்படி இந்தியக் குடியுரிமையுடன் வந்து கொடைக்கானல் மலைப்பகுதியில் குடியேறிய மலையகத் தமிழர்கள் "தாயகம் திரும்பியோர்" எனப்படுகின்றனர். போரினால் வந்தோர் ஏதிலியர் ஆவர். ஆனால், மலையகத்திலிருந்து வன்னிக்குப் பெயர்ந்து, பின்னர் போரில் கடல் கடந்தோரும் தமிழ்நாட்டு முகாம்களில் உள்ளனர். பதிவேட்டில் இவர்களும் ஏதிலியரே.

இவ்வேறுபாடு வெறும் வகைப்பாடு அன்று. இந்திய வம்சாவளியினரான 65 பேர் தொடுத்த வழக்கில், குடியுரிமைக்குப் புதிதாக விண்ணப்பிக்க அவர்களுக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 சூனில் வழிவிட்டது. எனவே பாட்டன் பிறந்த ஊர், தோட்டத்தின் பெயர், கடல் கடந்த ஆண்டு போன்ற விவரங்களைக் கேட்டுப் பதிவு செய்வது ஒரு குடும்பத்தின் உரிமைக்குச் சான்றாகக்கூடும். முதல் தலைமுறையினர் முதுமையடைந்து வருவதால் இப்பதிவு காலத்தே செய்யப்பட வேண்டியதாகும்.

முகாமுக்குள் கள ஆய்வு செய்ய அரசின் அனுமதி தேவை. முகாம்வாசிகள் கண்காணிப்புக்கு உட்பட்டவர்கள் என்பதால், பெயர்களை மறைத்து எழுதுவதும், தகவலாளரின் ஒப்புதலைப் பெறுவதும் இத்துறையில் அடிப்படை நெறிகளாகும்.