தலைக்குள் ஒரு கட்டி – 9: அந்த 131 சாவுகள்

போன வாரம் கிளியோபிளாஸ்டோமாவில் நிறுத்தியிருந்தோம். அறுவை, கதிர்வீச்சு, மாத்திரை மூன்றும் கொடுத்தாலும் பாதிப் பேர் 15 மாதத்தைத் தாண்டாத மூளைக் கட்டி. மறந்தவர்கள் பழைய இதழைப் புரட்டிக்கொள்ளுங்கள். அந்தச் செல்கள் சாகாமல் தப்பிக்கிற வழியை இந்த வாரம் சொல்வதாக வாக்கு. சொல்கிறேன், ஆனால் முதலில் ஒரு புழு.

"மூளைத் தொடர்ல புழு எதுக்கு சார்? இன்னிக்குப் பக்கம் முடிக்கணும்" என்றார் உதவி ஆசிரியர், போனில். அவர் அவசரம் அவருக்கு.

சி. எலிகன்ஸ் என்கிற அந்த உருளைப்புழுத் தம்பி 1 மில்லிமீட்டர் நீளம். கண்ணாடி உடம்பு; நுண்ணோக்கியில் செல்களை ஒவ்வொன்றாக எண்ணலாம். எண்ணியும் விட்டார்கள். வளர்கிற புழுவில் 1,090 உடற்செல்கள் உருவாகின்றன. வளர்ந்து முடிந்தபின் இருப்பவை 959. மீதி 131? குறித்த நேரத்தில் தாமாகவே செத்துப்போகின்றன. எந்தப் புழுவைப் பிடித்துப் பார்த்தாலும் அதே 131! நாலு நாளாக இந்த எண் என்னை விடமாட்டேன் என்கிறது.

அந்தச் சாவை நடத்தும் மரபணுக்களைத் தேடியவர் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ராபர்ட் ஹார்விட்ஸ். அவற்றில் ஒன்றான செட்-3 தருவது காஸ்பேஸ் வகைப் புரதம். செல்லை உள்ளிருந்தே நறுக்கும் கத்தரிக்கோல். அவர் கூடத்தில் பழகிய இருவர் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்குன். அவர்களைப் பிடித்துக்கொண்டது வேறொரு மரபணு, லின்-4. அது பழுதானால் முட்டை வெளியே வர வழியின்றிப் புழுவின் வயிற்றிலேயே சேரும். தனித்தனிக் கூடங்களுக்குப் போனபின்னும் இருவரும் விடவில்லை. லின்-4 எந்தப் புரதத்தையும் செய்யவில்லை. கிடைத்தது வெறும் 22 எழுத்து ஆர்.என்.ஏ. துணுக்கு. 1992 ஜூனில் ஆளுக்கொரு மரபணுவின் எழுத்துகளைப் போனில் ஒப்பிட்டார்கள். அவற்றில் மற்றொன்றான லின்-14 மரபணுவின் செய்தி ஆர்.என்.ஏ. வாலோடு அந்தத் துணுக்கு ஜோடி சேர்ந்தது. ஒட்டிக்கொண்டு, புரதம் உருவாகாமல் தடுக்கிறது. அதுதான் முதல் மைக்ரோ ஆர்.என்.ஏ.

என்னைத் துள்ள வைத்த சேதி இதுதான்: 'செல்' ஆய்விதழில் செட்-3 கட்டுரை 1993 நவம்பரில் வந்தது. லின்-4 கட்டுரைகள் அடுத்த இதழிலேயே! நோபல் மட்டும் 22 வருஷ இடைவெளியில்: ஹார்விட்ஸுக்கு 2002, மற்ற இருவருக்கும் 2024.

இரண்டு கதைகளும் 2005-ல் மூளைக் கட்டியில் சந்தித்தன. மிர்-21 என்னும் மைக்ரோ ஆர்.என்.ஏ., அதுவும் 22 எழுத்துதான், கிளியோபிளாஸ்டோமாவில் மிதமிஞ்சிக் கிடப்பதை கென்னத் கோசிக், அன்னா கிரிசெவ்ஸ்கி குழு கண்டது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த கட்டிச் செல்களில் எதிர்த்துணுக்கு விட்டு அதை முடக்கினார்கள். காஸ்பேஸ்கள் விழித்தன, செல்கள் செத்தன. ஆக, கத்தரிக்கோல் உள்ளேயேதான் இருந்திருக்கிறது. கட்டிக்குக் கடிவாளம் போடும் பி.டி.சி.டி.4 போன்ற புரதங்களின் அளவை மிர்-21 குறைத்துவிடுகிறது என்பது பின்னால் தெரிந்தது.

ஆரோக்கியமான மூளையில் ஏறக்குறைய இல்லாமல், கட்டியில் மட்டும் தலைதூக்கும் மிர்-10பி பற்றியும் எழுத நினைத்தேன். புழு இடத்தைத் தின்றுவிட்டது. அது அடுத்த வாரம். அதுவரை, "மிர்-21-க்கு ஊசி வந்தாச்சு" என்று யாராவது சொன்னால் நம்பிப் பணம் கட்டாதீர்கள். செத்தவை ஆய்வுக்கூடச் செல்கள். மருந்துக்கடைக்கு இன்னும் எதுவும் வரவில்லை.