இரண்டு படங்களைச் சேர்த்துப் பார்ப்போம்

திருவிழா என்றால் டிவியும் டெக்கும் வாடகைக்கு எடுத்து, விடிய விடிய மூன்று படம் போட்ட காலம் நமக்கு நினைவிருக்கும். ஊர்த் தெருவில் போட்டால் நம் சனம் பின்னால் ஒதுங்கி நின்றுதான் பார்த்தது. அந்த மூன்று படத்திலும் நம்மைப் போன்ற ஒருவர் கதாநாயகனாக வந்ததாக நினைவில்லை.

இன்று நம் வாழ்க்கையைப் பேசும் படங்கள் வந்துவிட்டன. கைப்பேசியில் தனித்தனியாகப் பார்க்கிறோம், கண் கலங்குகிறோம், மறந்துவிடுகிறோம். அதனால் சுருளிப்பட்டியில் ஒரு வழக்கத்தைத் தொடங்கினோம். ஒரே சிக்கலைப் பேசும் இரண்டு படங்களை அடுத்தடுத்துத் திரையிடுவது, பிறகு உட்கார்ந்து பேசுவது. விடியுமுன் ஜீப் ஏறி ஏலத்தோட்டத்துக்குப் போகிறவர்களை இரவு முழுக்க விழிக்கவைக்க முடியாது. எனவே சனி இரவு ஒன்று, ஞாயிறு இரவு ஒன்று.

முதல் இணை: பாலாவின் ‘பரதேசி’ (2013), லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ (2018). முதல் படத்தில், ஊரில் தப்படித்துச் சேதி சொல்லும் ராசாவையும் அவன் சனத்தையும் கங்காணி முன்பணம் கொடுத்துத் தேயிலைத் தோட்டத்துக்கு நடத்தியே கூட்டிப்போகிறான். கணக்குத் தீர்வதே இல்லை. இரண்டாவது நம் தேனி மலையின் கதை. ஏலக்காய் மூட்டை சுமக்கும் ரங்கசாமிக்கு ஒரே ஆசை, சொந்தமாகக் கொஞ்சம் நிலம். வாங்குகிறான், கடனில் இழக்கிறான். கடைசியில் அந்த மண்ணில் நட்ட காற்றாலைக்கே காவலாளி ஆகிறான்.

தனியாகப் பார்த்தால் முதலாவது வெள்ளைக்காரன் காலத்துக் கொடுமை, இரண்டாவது ஓர் ஏழையின் துயரம். சேர்த்துப் பார்த்தால் வேறு கேள்வி எழுகிறது: வெள்ளைக்காரன் போனான், சங்கம் வந்தது, நிலம் மட்டும் ஏன் வரவில்லை? ஞாயிறு இரவு படம் முடிந்ததும் திராட்சைத் தோட்டத்தில் கூலிக்குப் போகும் ஒரு பாட்டி கேட்டார்: “ஏந் தம்பி, அப்பக் கங்காணி, இப்ப ஜீப்புக்கு ஆள் சேக்கிறவரு. முன்பணம் மட்டும் மாறலையேப்பா?” அந்தக் கேள்வியிலிருந்துதான் 1892-இல் வெள்ளை அரசு ஒடுக்கப்பட்டோருக்கு ஒதுக்க ஆணையிட்ட பஞ்சமி நிலம் பற்றிய பேச்சு தொடங்கியது. அந்தச் சொல்லையே அன்றுதான் முதன்முதலாகக் கேட்டதாகச் சில மாணவர்கள் சொன்னார்கள்.

குறையையும் பேசினோம். ‘பரதேசி’க்கு அடிப்படை, பி.எச்.டேனியல் எழுதிய ‘ரெட் டீ’ நாவல். இரா.முருகவேள் தமிழில் ‘எரியும் பனிக்காடு’ எனத் தந்தார். தோட்ட மருத்துவராக இருந்து தொழிலாளர் சங்கம் கட்டியவர் டேனியல். படத்தில் வரும் மருத்துவரோ மதம் பரப்ப ஆடிப்பாடுகிறார். சங்கம் காணாமல் போகிறது. அந்த இடத்தை நிரப்பத்தான் இரண்டாவது படம் தேவைப்படுகிறது. தோட்டத் தொழிலாளர் சங்கமும் செங்கொடியும் அதில் உண்டு.

இரண்டாவது இணை மாணவர்களுக்கானது. நாகராஜ் மஞ்சுளேயின் மராத்திப் படம் ‘ஃபன்ட்ரி’ (2013), மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’ (2018). ‘ஃபன்ட்ரி’ என்பது நம் ‘பன்றி’தான். கைக்காடி மக்களின் மொழி தமிழோடு உறவுடையது. பள்ளிக்கூடம் போகும் ஜப்யாவை, வகுப்புத் தோழர்கள் பார்த்துச் சிரிக்க, பன்றி பிடிக்க வைக்கிறது ஊர். சட்டக் கல்லூரிக்குப் போகும் பரியனின் கருப்பியைத் தண்டவாளத்தில் கட்டிக் கொல்கிறது சாதி. படிப்பு மட்டும் சாதியிலிருந்து தப்பிக்க வைத்துவிடாது என்று இரண்டு படங்களும் சொல்கின்றன.

முடிவில்தான் பிரிகின்றன. ஜப்யா கல்லை எறிகிறான். அது நம்மை நோக்கியே வருகிறது. பரியன், தன்னை அவமானப்படுத்திய குடும்பத்தின் தகப்பனோடு நின்று பேசுகிறான். இரண்டு தேநீர்க் குவளைகள் அருகருகே இருக்கின்றன. கல்லா, குவளையா? இதில் மாணவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நள்ளிரவு வரை வாதாடினார்கள். கல்லூரியில் தன் ஊர்ப் பெயரை மட்டும் சொல்லி, தெருவின் பெயரை மறைத்துவந்த ஒரு தம்பி கடைசியாக எழுந்தான். “எறியிறதும் பேசுறதும் அப்புறம்ணே. முதல்ல எந்தத் தெருன்னு சொல்லணும்” என்றான். அதற்கு மேல் யாரும் வாதாடவில்லை.

இதற்குப் பெரிய செலவில்லை. ஒரு வெள்ளை வேட்டி, இரவலாக ஒரு புரொஜெக்டர், ஒரு ஒலிபெருக்கி போதும். மூன்று விஷயங்களை மட்டும் கவனியுங்கள். காலத்தால் முந்திய கதையை முதலில் போடுங்கள். படம் முடிந்ததும் பெண்களை முதலில் பேசவிடுங்கள். பேசியதை ஒரு நோட்டில் எழுதிவையுங்கள்.

அடுத்து எங்கள் தெருவில் ‘விசாரணை’யும் ‘ஜெய்பீம்’மும். உங்கள் தெருவில் எந்த இரண்டு?