தோல் சொல்லும் கதை – 9: முகத்தில் எழுதிய வாக்கு

1824-ம் ஆண்டு. நியூசிலாந்தின் குக் நீரிணையில் போய்க்கொண்டிருந்த ‘உரேனியா’ என்ற ஆங்கிலக் கப்பலில் மாவோரித் தலைவர் ஒருவர் ஏறிக்கொண்டார். பெயர் தே பெஹி குபே. இங்கிலாந்துக்குப் போக வேண்டும், துப்பாக்கிகளோடு திரும்ப வேண்டும் என்பது அவர் திட்டம். இறங்கச் சொன்னார்கள், இறங்கவில்லை. தூக்கிப் போட வந்தார்கள். தளத்திலிருந்த இரும்பு வளையங்களை இறுகப் பிடித்துக்கொண்டு கிடந்தார். கடைசியில் அவரையும் சுமந்துகொண்டுதான் கப்பல் ஊர் போய்ச் சேர்ந்தது.

லிவர்பூலில் ஜான் சில்வெஸ்டர் என்ற ஓவியர் அவரை வரைந்தார். மூக்கும் முழியும் எப்படி வந்திருக்கின்றன என்பதில் தே பெஹிக்கு அக்கறை இல்லை. முகத்தில் செதுக்கியிருந்த கோடுகளில் ஒன்றுகூடப் பிசகக் கூடாது என்பதில்தான் குறியாக இருந்தார். பிறகு தானே பேனாவை எடுத்து, கண்ணாடி பார்க்காமல், தன் முகத்தின் கோடுகள் முழுவதையும் தாளில் வரைந்து காட்டினார். சகோதரனின் முகத்தையும் மகனின் முகத்தையும்கூட நினைவிலிருந்தே போட்டார். தன் முகத்தை அவரே வரைந்த படம் 1830-ல் வெளிவந்த ‘தி நியூசிலாண்டர்ஸ்’ என்ற நூலில் அச்சேறி இன்றுவரை பிழைத்திருக்கிறது.

அவர் முகத்தில் இருந்தது ‘மோக்கோ’. இவர் யார் வழி வந்தவர், எந்தக் குலத்தார், என்ன தகுதி உடையவர் என்று தெரிந்தவர்கள் அதைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். 1815-ல் கிறிஸ்தவ மிஷனரிகள் நிலம் வாங்கிய பத்திரத்தில் விற்றவரின் ஒப்பமாக இருப்பது அவருடைய மோக்கோவின் படம். 1840-ல் பிரிட்டிஷ் அரசோடு செய்துகொண்ட வைத்தாங்கி உடன்படிக்கையிலும், தலைவர்கள் சிலர் மோக்கோவின் ஒரு பகுதியை வரைந்தே ஒப்பமிட்டார்கள்.

பெரிதாகப் பச்சை குத்திக்கொள்ள நினைப்பவர்களுக்கு எல்லா ஊரிலும் கிடைக்கிற அறிவுரை ஒன்றுதான்: சட்டைக்குள் மறைகிற இடமாகப் பார்த்துக் குத்திக்கொள். மோக்கோ இதற்கு நேர் எதிர். ஒருவருக்கு முன்னால் போய் நின்றதுமே அவர் பார்க்கிற இடம் முகம். அங்கேதான் அது இருந்தாக வேண்டும். ஏன் என்பதற்கு மாவோரிகள் ஒரு கதை வைத்திருக்கிறார்கள்.

துடைத்ததும் போன கோலம்

மாத்தாவோரா என்ற தலைவன் பாதாள உலகத்துப் பெண் நிவாரேக்காவை மணந்தான். ஒருநாள் பொறாமையில் அவளை அடித்துவிட்டான். அடி என்பதையே அறியாத உலகத்திலிருந்து வந்தவள் அவள். பிறந்த வீட்டுக்குப் போய்விட்டாள். முகத்தில் வண்ணக் கோலம் தீட்டிக்கொண்டு இவன் பின்னாலேயே போனான். அங்கே அவளுடைய அப்பா உவேதோங்கா ஒருவரின் முகத்தில் உளி வைத்துச் செதுக்கிக்கொண்டிருந்தார். ரத்தம் வழிந்தது. “எங்கள் ஊரில் இப்படிச் செய்ய மாட்டோம், தீட்டுவோம்” என்றான் மருமகன். மாமனார் கையை நீட்டி அவன் முகத்தை ஒரு துடைப்புத் துடைத்தார். கோலம் மொத்தமும் போய்விட்டது. சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

அவமானப்பட்டவன், தனக்கும் செதுக்கச் சொல்லிப் படுத்தான். வலி தாங்காமல் மனைவியை அழைத்துப் பாடினான். அவள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவனைத் தேற்றினாள். இனி இப்படி நடக்காது என்று வாக்குக் கொடுத்த பிறகே இருவரும் மேலுலகம் திரும்பினார்கள். மோக்கோ மனிதர்களுக்குக் கிடைத்தது இப்படித்தான் என்று கதை முடிகிறது.

கோலத்தோடு ஒரு வாக்கும் சேர்ந்தே வருகிறது என்பதுதான் இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது. முகத்தை வாங்கிக்கொண்டவன் நடத்தையையும் மாற்றிக்கொண்டாக வேண்டும். மோக்கோவின் பிற்கால வரலாறு முழுவதும், இந்த வாக்கிலிருந்து முகத்தைப் பிரித்தெடுக்க நடந்த முயற்சிகளின் வரலாறுதான்.

உளியும் புனலும்

பழைய முறையில் கருவி ஊசி அல்ல, உளி. அல்பட்ராஸ் பறவையின் எலும்பைத் தேய்த்துக் கூராக்கி, மரக் கைப்பிடியில் கட்டி, சிறு கோலால் தட்டித் தட்டி இறக்குவார்கள். பசிபிக் தீவுகள் பலவற்றில் பல் வைத்த சீப்பு போன்ற கருவியால் குத்துவது வழக்கம். மாவோரிகள் முதலில் நேர்முனை உளியால் தோலைப் பிளந்து வரப்பும் பள்ளமுமாக ஆக்கினார்கள். அந்தப் பள்ளத்தில் கரியை ஏற்றினார்கள். கௌரி மரத்தின் பிசினை எரித்துப் பிடித்த கரி அதற்கு உகந்தது. ஆறிய பிறகும் முகத்தில் விரல் வைத்தால் பள்ளங்கள் தட்டுப்படும்.

மாவோரிகளுக்கு உடலில் மிகப் புனிதமான பகுதி தலை. அதைத் தொட்டு ரத்தம் சிந்த வைக்கும் வேலை என்பதால், செதுக்குபவரும் செதுக்கிக்கொள்பவரும் கடும் விலக்குகளுக்குள் இருந்தார்கள். கையால் எடுத்துச் சாப்பிடக் கூடாது. முகமும் உதடும் வீங்கியிருக்கும்போது மெல்லவும் முடியாது. அதனால் வேலைப்பாடு மிக்க மரப் புனல் ஒன்றை வாயில் வைத்து நீரையும் கூழான உணவையும் ஊற்றினார்கள். காயத்தின்மேல் கரக்கா மரத்தின் இலையை வைத்தார்கள். ஒரே மூச்சில் முழு முகத்தையும் முடிப்பதில்லை. ஒரு பகுதி ஆறிய பிறகு அடுத்த பகுதி; சிலருக்கு வருடக்கணக்கில் நீளும். பாட்டும் குழலும் துணைக்கு இருக்கும். அலறுவது இழுக்கு.

இன்று பெரும்பாலும் மின்கருவியில்தான் குத்துகிறார்கள். உளியைத் திரும்பக் கையில் எடுத்தவர்களும் உண்டு. கருவி மாறினாலும் ஆறும் விதம் மாறவில்லை. முதல் இரண்டு மூன்று நாள் வீக்கம், நிணநீர்க் கசிவு. பிறகு பொருக்கு, அதைப் பிய்த்தால் மையும் சேர்ந்து வரும். மேல்தோல் மூட இரண்டு மூன்று வாரம் பிடிக்கும், உள்ளே முழுதாக ஆற மாதங்கள் ஆகும். அதுவரை குளம், கடல், நேர் வெயில் மூன்றும் ஆகாது. சுத்தமான கையால் மென்மையான சோப்பு போட்டுக் கழுவி, களிம்பை மெல்லியதாகத் தடவினால் போதும், அப்பினால் கெடும். தாடையில் குத்திக்கொண்ட ஆண்கள் சவரத்தைத் தள்ளிப்போட வேண்டும். உதட்டில் குத்திக்கொண்டவர்களுக்குக் காரமும் சூடும் எதிரி. உதட்டுத் தோல் சீக்கிரம் ஆறும், ஆனால் மை சீக்கிரம் மங்கும். மறுபடி குத்த வேண்டிவரலாம். சிவப்பு பரவிக்கொண்டே போனாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் வந்தாலோ களிம்பை நம்பக் கூடாது, மருத்துவரிடம் போக வேண்டும். நம்மைப் போன்ற கருந்தோல்காரர்களுக்குத் தழும்பு தடித்து எழும் வாய்ப்பும் கூடுதல். குடும்பத்தில் யாருக்காவது அப்படி இருந்தால் பெரிய பச்சையைப் பற்றி யோசிக்கும்போதே அதைக் கணக்கில் எடுப்பது நல்லது.

ஆறிய பிறகு அந்த மை ஏன் போவதில்லை? பிரான்ஸின் மார்செய் நகர ஆய்வாளர்கள் எலிகளின் வாலில் பச்சை குத்திப் பார்த்து 2018-ல் விடை சொன்னார்கள். உள்ளே நுழைந்த மையை நோய்த்தடுப்புச் செல்கள் விழுங்கிவிடுகின்றன. அவற்றால் அதைச் செரிக்க முடிவதில்லை. அவை சாகும்போது மை வெளியே வருகிறது. பக்கத்தில் புதிதாக வந்த செல்கள் அதை விழுங்கிக்கொள்கின்றன. அழியாதது என்று நாம் நினைக்கும் கோடு, உண்மையில் செல்லுக்குச் செல் கைமாறிக்கொண்டே இருக்கிறது.

விலை வைத்த தலைகள்

இறந்த தலைவர்களின் தலையைப் பதப்படுத்தி வைப்பது மாவோரி வழக்கம். ஆவியில் வேகவைத்து, புகையில் காட்டி, வெயிலில் உலர்த்துவார்கள். கோடுகள் அப்படியே நிற்கும். சொந்தக்காரர்கள் பெட்டியில் வைத்துப் பாதுகாத்து, முக்கியமான நாட்களில் எடுத்து வைத்து அழுவார்கள்.

1770-ல் கேப்டன் குக்கின் கப்பலில் வந்த ஜோசப் பேங்க்ஸ், பழைய உள்ளாடை ஒன்றைக் கொடுத்து ஒரு தலையை வாங்கினார். அடுத்த அறுபது ஆண்டில் அது ஐரோப்பியக் கனவான்களின் சேகரிப்புப் பொருள் ஆனது. துப்பாக்கி இல்லாத குலம் அழியும் என்ற காலம் அது; தலைக்குத் துப்பாக்கி கிடைத்தது. அடிமைகளின் முகத்தில் அவசர அவசரமாகக் கோடு போட்டுக் கொன்று விற்கும் அளவுக்குப் போயிற்று. குலமும் இல்லை, தகுதியும் இல்லை, வாக்கும் இல்லை. விற்பதற்கென்றே ஒரு முகம். 1831-ல் நியூ சவுத் வேல்ஸ் ஆளுநர் டார்லிங் சிட்னி வழியாக நடந்த இந்த வணிகத்துக்குத் தடை போட்டார்.

பின்னாளில் ஹொரேஷியோ ராப்லி என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி முப்பதுக்கும் மேற்பட்ட தலைகளைச் சேர்த்தார். நியூசிலாந்து அரசு அவற்றை வாங்க மறுத்தது. பெரும்பகுதி நியூயார்க்கின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போனது. அவை நாடு திரும்பியது 2014-ல். பிரான்ஸின் ரூவான் நகரத்தில் இருந்த ஒரு தலையைத் திருப்பித் தரவே 2010-ல் தனிச் சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. திரும்பியவை வெலிங்டனின் தே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. தமிழ் எழுத்து பொறித்த பழைய கப்பல் மணி ஒன்று இருப்பதும் இதே இடத்தில்தான். மணியைப் பார்வைக்கு வைக்கலாம். தலைகளை வைக்க மாட்டார்கள். அவை பொருட்கள் அல்ல, முன்னோர்கள். புனித அறையில் வைத்து, எந்தக் குலத்தார் என்று தேடி, உரியவர்களிடம் ஒப்படைப்பதே வேலை.

பாட்டிகள் காப்பாற்றியது

மிஷனரிகளின் எதிர்ப்பும் தலை வணிகத்தின் பயமும் சேர்ந்து, 19-ம் நூற்றாண்டின் பின்பாதியில் ஆண்களின் முகக்கோலம் அருகியது. பெண்கள் விடவில்லை. உதட்டையும் தாடையையும் நிரப்பும் ‘மோக்கோ கவாயே’ ஊசி முறைக்கு மாறி, 20-ம் நூற்றாண்டிலும் தொடர்ந்தது. 1972-ல் எழுத்தாளர் மைக்கேல் கிங்கும் ஒளிப்படக் கலைஞர் மார்த்தி ஃப்ரீட்லாண்டரும் ஊர் ஊராகப் போய் அந்த மூதாட்டிகளைப் பதிவுசெய்து நூலாக்கினார்கள். கடைசித் தலைமுறை என்றே அப்போது பலரும் நினைத்தார்கள். 1980-களில் மாவோரி மொழி மீட்போடு சேர்ந்து மோக்கோவும் எழுந்துவிட்டது.

எழுந்த முகத்தோடு வாழ்வது எப்படி இருந்தது? அதே காலத்தில் ‘மங்ரல் மாப்’ போன்ற ரவுடிக் கும்பல்களும் முகத்தில் சின்னம் குத்திக்கொண்டிருந்தன. இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் இரண்டையும் ஒரே பயத்தோடு பார்த்தார்கள். கண்ணில் படும்படி பச்சை குத்தியவர்களை ஏர் நியூசிலாந்து விமானப் பணிக்கு எடுக்காமலிருந்தது. 2019-ல்தான் விதியைத் தளர்த்தியது. 2016-ல் மோக்கோ கவாயே அணிந்த நானாயா மஹூத்தா, அந்த முகத்தோடு நாடாளுமன்றத்தில் அமர்ந்த முதல் பெண். 2020-ல் அவர் வெளியுறவு அமைச்சரானபோது, அது நாகரிகமற்றது என்று ஓர் எழுத்தாளர் பதிவிட்டார். இணையக் கடை ஒன்று அந்த எழுத்தாளரின் நூல்களை விற்பனையிலிருந்து எடுத்துவிட்டது. 2021 டிசம்பரில் ஓரினி கைபாரா தேசிய அளவிலான தொலைக்காட்சியில் மாலை முதன்மைச் செய்தியை மோக்கோ கவாயேவுடன் வாசித்தார், அப்படி வாசித்த முதல் ஆள் அவர்தான். முகத்தைப் பற்றிப் புகார்கள் வந்தபோது பணிவாகப் பதில் எழுதி, மோக்கோ யாருக்கும் மிரட்டல் அல்ல என்று விளக்கினார்.

வெளியாரின் பார்வை ஒரு பங்கு என்றால், உள்ளூராரின் எதிர்பார்ப்பு இன்னொரு பங்கு. மொழி தெரியாதவள் அணியலாமா, சமூகத்துக்கு ஏதாவது செய்த பிறகுதான் அணிய வேண்டுமா, மாவோரிப் பெண்ணாகப் பிறந்ததே போதுமா என்று அவர்களுக்குள்ளேயே வாதம் நடக்கிறது. அணிந்தவர் கோபத்தில் கத்தினால், கத்தியது அவர் மட்டும் அல்ல. அவர் முகத்திலிருக்கும் முன்னோரும்தான். இந்தப் பளுவைக் குறையென்று யாரும் சொல்வதில்லை. மாத்தாவோரா கொடுத்த வாக்கு இதுதானே.

இந்த வாக்கை விட்டுவிட்டுக் கோடுகளை மட்டும் எடுத்தால் என்ன ஆகும் என்பதற்கு மைக் டைசன் சாட்சி. 2003-ல் மோக்கோவை நினைவூட்டும் கோலத்தை அவர் இடது கண்ணைச் சுற்றிக் குத்தினார் விக்டர் விட்மில் என்ற அமெரிக்கக் கலைஞர். 2011-ல் ‘ஹேங்ஓவர் 2’ படத்தில் வேறொரு நடிகரின் முகத்தில் அதே கோலம் வந்ததும், தன் காப்புரிமை பறிபோனதாக வார்னர் பிரதர்ஸ்மேல் வழக்குப் போட்டார். சமரசத்தில் முடிந்தது. எங்களிடமிருந்து எடுத்ததற்கு இவர் எப்படி உரிமை கோரலாம் என்று கேட்டார் மாவோரி அறிஞர் ஙாஹுயா தே அவேகோத்துக்கு.

நம் ஊர் டாட்டூ கடைகளிலும் தோள் முதல் முழங்கை வரை ‘மாவோரி டிசைன்’ குத்துகிறார்கள். சுருளும் கறுப்பும் அழகுதான், ஆசைப்படுவதில் தப்பில்லை. வேற்றினத்தவருக்கென்றே, யாருடைய வம்சமும் கலக்காத கோலங்களை மாவோரிக் கலைஞர்கள் வரைந்து தருகிறார்கள். ‘கிரிதூஹி’ என்று அதற்குப் பெயர். அப்படி ஒன்றை வாங்கிக்கொள்ளலாம். இணையத்தில் கிடைத்த ஒருவரின் முகப் படத்தைக் காட்டி “இதையே போடுங்க” என்பது வேறு. நிலப் பத்திரத்தில் ஒப்பமாக ஏறிய கோடு அது. இன்னொருவர் கையெழுத்தை நாம் போட்டால் அதற்கு என்ன பெயர் என்று சார்பதிவாளர் அலுவலக வாசலில் உட்கார்ந்திருக்கும் எந்தப் பத்திர எழுத்தரும் சொல்லிவிடுவார்.

(தொடரும்)

அடுத்த வாரம்: மியான்மரின் சின் மலைகளில், முகம் நிறையக் கோடுகளோடு வாழும் மூதாட்டிகள்.