குருப்பெயர்ச்சி, ஷேர் மார்க்கெட்... நடுவில் உங்கள் பி.பி.!

மீனாட்சியம்மனுக்குத் திருமாங்கல்யம் செய்த ஊர் என்பதால் திருமங்கலம் என்று பெயர் வந்ததாகச் சொல்வார்கள். நல்ல நேரம் பார்ப்பதை இந்த ஊருக்குச் சொல்லியா தரவேண்டும்? இங்குள்ள ரிடையர்டு ஆசிரியர் ஒருவர், ஷேர் வாங்க விற்கவும் பஞ்சாங்கம் பார்க்கிறார்.

"குருவும் சனியும் சேர்ந்தா மார்க்கெட் திரும்பிரும் தம்பி" என்கிறார்.

"மார்க்கெட் திரும்புதோ இல்லையோ, இவரு ராத்திரி பூரா புரண்டு புரண்டு படுக்கிறாரு" என்று அலுத்துக்கொள்கிறார் அவர் மனைவி.

அவரை மட்டும் குறை சொல்வானேன்? மும்பை பங்குச் சந்தையே 1957 முதல் தீபாவளிக்கு ‘முகூர்த்த வர்த்தகம்’ நடத்துகிறது. அமெரிக்காவில் டபிள்யூ.டி.கான் (1878-1955) கிரகங்களை வைத்து விலை திரும்பும் தேதியைக் கணித்தார்.

சரி, குரு-சனி கதைக்கு வருவோம். 2020 டிசம்பர் 21 அன்று இரண்டும் ஒட்டினாற்போல் நின்றன. 1623க்குப் பிறகு அத்தனை நெருக்கம்! அன்று சென்செக்ஸ் 1,400 புள்ளிகளுக்கு மேல் விழுந்தது. ‘பார்த்தீர்களா!’ என்பீர்கள். பொறுங்கள். பிரிட்டனில் பரவிய புதுவகை கொரோனாதான் அன்றைய பயம். பயந்து விற்றவர்கள் என்ன ஆனார்கள்? சரியாக ஒரே மாதத்தில், 2021 ஜனவரி 21ல், சென்செக்ஸ் முதன்முறையாக 50,000ஐத் தொட்டுவிட்டது.

இன்னொரு வேடிக்கை. திருக்கணிதப்படி சனி மகரத்துக்கு வந்தது 2020 ஜனவரி 24. வாக்கியப்படி டிசம்பர் 27. பதினோரு மாத வித்தியாசம்! எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்து விற்பது?

பணம் ஒருபுறம் இருக்கட்டும், உடம்பு? 1987 அக்டோபர் 19ல் அமெரிக்கச் சந்தை சரிந்த அன்றே, கலிபோர்னியா ஆஸ்பத்திரிகளில் சேர்ந்தவர்கள் 5 சதவீதத்துக்கு மேல் கூடினார்கள் என்று ஓர் ஆய்வு சொல்கிறது. கவலை வந்தால் அட்ரினலின் சுரக்கும், இதயம் படபடக்கும், ரத்த அழுத்தம் ஏறும். ஏற்கெனவே பி.பி. உள்ளவர்களுக்குக் கேட்கவே வேண்டாம்.

எஃப் அண்ட் ஓ பக்கம் போகிறவர்களுக்கு ஒரு கணக்கு: 2021-22 முதல் மூன்று நிதியாண்டுகளில் தனிநபர்களில் நூற்றுக்கு 93 பேருக்கு நஷ்டம் என்றது செபி. வைத்தியத்துக்கும் பிள்ளைகள் படிப்புக்கும் வைத்திருக்கும் பணத்தை அங்கே கொண்டுபோகாதீர்கள். படுக்கப் போகுமுன் செல்போனில் விலை பார்ப்பதையும் விடுங்கள். தூக்கம் தானாக வரும்.

நான் போயிருந்தது ஒரு திங்கட்கிழமை காலை. எட்டு மணிக்குப் போடவேண்டிய பி.பி. மாத்திரையை ஆசிரியர் தள்ளி வைத்தார். "ஏழரை டு ஒன்பது ராகு காலம்ல!"

அம்மா ஒன்றும் பேசவில்லை. மாத்திரையைப் பிரித்து அவர் கையில் வைத்து, தண்ணீர் செம்பை நீட்டினார். விழுங்கினார்!